எண்ணெய் பாட்டிலில் எதற்கு அந்த வரி?

இயற்கைச் சந்தைகளில் நம்ம ஆட்கள் விற்கிற செக்கு எண்ணெயை எடுத்துப் பாருங்கள். நிறைய பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று ஒட்டியிருக்கும். கடலை, எள், தேங்காய் எதிலுமே சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. அது விலங்கு உடம்பில் உண்டாகிற பொருள். அப்படிப் பார்த்தால் பாமாயிலிலும்தான் இல்லை! கம்பெனிக்காரன் ஜனங்களைப் பயமுறுத்தி விற்க எழுதின வரியை நாம ஏன் காப்பி அடிக்கணும்?

கொழுப்பு என்றாலே பகை என்ற எண்ணத்தை நாமே வளர்த்தால், நாளைக்கு நம்ம எள்ளையும் கடலையையும் யார் வாங்குவது? எண்ணெய், நெய்யில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடு. உடம்பின் குதிர் அதுதான். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி கொடுத்தால் இது 9 கொடுக்கும். பாஸ்போலிப்பிடு வேறு வகை. ஒவ்வொரு செல்லையும் சுற்றி வரப்பு கட்டி நிற்பது அது. அந்த வரப்பு இளகாமலும் இறுகாமலும் பார்த்துக்கொள்வது, பலரும் திட்டுகிற கொலஸ்ட்ரால். பித்த நீரில் உள்ள அமிலங்கள், ஆண் பெண் ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. வெயில் படும்போது தோலில் வைட்டமின் டி உண்டாவதும் அதன் உறவுக்காரப் பொருளில் இருந்துதான். நமக்குத் தேவையானதில் பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது. ரத்தத்தில் அளவு மீறினால்தான் வம்பு.

கீரையைத் துளி எண்ணெய்கூட விடாமல் அவித்துத் தின்றால், அதில் இருக்கிற வைட்டமின் ஏ சத்து உடம்பில் சரியாகச் சேராது. டி, இ, கே வைட்டமின்களும் அப்படித்தான்.

அதற்காக 'செக்கு எண்ணெய் மாரடைப்பைத் தடுக்கும்' என்று அடுத்த பக்கம் சாய்வதையும் நான் ஏற்கமாட்டேன். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். மரச்செக்கில் ஆட்டினாலும் அது மாறாது. கடலை, எள்ளில் ஒமேகா-6 தாராளம், ஒமேகா-3 இல்லவே இல்லை என்று சொல்லலாம். அதற்கு ஆளி விதை, மத்தி மீன் என்றுதான் போகணும்.

இன்னொன்று, இது நம்ம களத்து வேலை. ஈரக் கடலையில் பிடிக்கிற பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடுகிறது. ஈரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ரீஃபைன் செய்யும்போது காரம் சேர்ப்பதால் அது பெருமளவு போய்விடும். செக்கு எண்ணெயில் தங்கிவிடும். வடிகட்டினாலும் போகாது. குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடக்கிற வரை காயவைத்து, பூசணம் பிடித்ததையும் சுருங்கினதையும் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் ஆட்டணும்.

பாட்டிலில் அதை எழுதுங்க. என்ன ரகம், எந்த ஊர்க் காட்டில் விளைந்தது, எந்தத் தேதியில் ஆட்டியது, பருப்பைப் பொறுக்கினீர்களா என்று.