ஏன்டி நேத்து வரல?



இந்தச் சுவர் இதழுக்கு 'நம்பிக்கை' என்ற தலைப்பில் எழுதச் சொன்னார்கள். நம்பிக்கை என்றால் பெரிய தலைவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நானும் நாலு வரி எழுதினேன். பிடிக்கல, கிழிச்சுப் போட்டுட்டேன். ஏன்னா எனக்கு நம்பிக்கை கொடுத்தது ஒரு சின்னக் கேள்விதான். அதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

போன ஆடி மாதம் எங்கம்மா குழாயடியில் வழுக்கி விழுந்து கால் முறிஞ்சிருச்சு. மாவுக்கட்டு போட்டாங்க. அப்பா வெளியூரில் வேலை. சமையல், தம்பி, ரெண்டு ஆடு எல்லாம் என் தலையில். 11 நாள் பள்ளிக்கூடம் வரல. எங்க அத்தை வந்து, "எட்டாவது முடிச்சாச்சுல்ல, போதும். கால் சரியானதும் இவளை மில்லுக்கு அனுப்பு" என்று சொன்னாங்க. அம்மா பதில் பேசல. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூணாவது நாள் சாயங்காலம் என் தோழி வந்தாள். (பெயரை எழுதினால் என்னை அடிப்பாள்.) அதற்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஜாமெட்ரி பாக்ஸ் சண்டையில் நாங்க காய் விட்டிருந்தோம். அவள் பழம் விடல, சிரிக்கவும் இல்ல. வாசலில் நின்னுக்கிட்டு, "ஏன்டி நேத்து வரல? முந்தாநாளும் வரல?" என்று கேட்டாள். அப்புறம் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிச்சாள். நான் குழம்பு வைக்க, அவள் அறிவியல் பாடத்தைச் சத்தமாக வாசிச்சாள். தினமும் வந்தாள். அவள் எழுதிக் கொடுத்த நோட்ஸ் கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனாலும் அதைப் படித்துத்தான் நான் தேர்வு எழுதினேன். அவள் வாசிக்கிறதை அம்மாவும் கேட்டுக்கிட்டே படுத்திருப்பாங்க. 12-ஆம் நாள் காலையில் அம்மாவே, "நீ பள்ளிக்கூடம் போ, நான் உட்கார்ந்துக்கிட்டே அரிசி களையுறேன்" என்றாங்க.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது 6 வயது முதல் 14 வயது வரைக்கும்தான். அதாவது எட்டாம் வகுப்பு வரை. நாமோ ஒன்பதாம் வகுப்பு! சட்டம் நம் கையை விடுகிற இடத்தில் யார் பிடித்துக்கொள்வது? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் என்பது என் எண்ணம்.

"அதுக்குத்தான் சார் அட்டெண்டன்ஸ் எடுக்கிறாரே" என்று சிலர் சொல்லலாம். வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்றுதான் தெரியும். எதனால் என்று வீட்டு வாசலுக்குப் போனால்தான் தெரியும். "அடுத்தவங்க வீட்டு விஷயம் நமக்கெதுக்கு" என்றும் சிலர் கேட்கலாம். வெங்காயம் உரிப்பது எப்படித் தலையிடுவது ஆகும்? ஆனால் கல்யாணப் பேச்சு மாதிரி நம்மால் முடியாத விஷயம் என்றால் உடனே டீச்சரிடம் சொல்ல வேண்டும். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம்.

திருக்குறளில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் நட்பைப் பற்றியே இருக்கிறது. நாம் அதை மார்க்குக்காக மனப்பாடம் செய்கிறோம். அந்த மார்க்கோடு நிறுத்தாமல், நாளைக்குப் பிரேயர் முடிந்து வகுப்புக்குள் வந்ததும் பக்கத்து இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் சாயங்காலமே போய்க் கேளுங்கள். காய் விட்டவர்களாக இருந்தாலும் கேளுங்கள்.

அத்தை இன்னும் மில்லைப் பற்றிப் பேசிக்கிட்டுதான் இருக்காங்க. ஆனால் இப்போ அம்மா பதில் சொல்றாங்க.

கடைசியாக ஒன்று. நாங்க ரெண்டு பேரும் இன்னும் முறையாகப் பழம் விடவே இல்லை. இதை அவள் கட்டாயம் நின்று படிப்பாள். அடியே, பழம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி