விசாவைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்

பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் பலர் ஜே-1 பரிமாற்ற விசாவில் அமெரிக்கப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். மூன்றாண்டு, நீட்டிப்புக் கிடைத்தால் ஐந்து. அதன்பின் ஊர் திரும்ப வேண்டும். பலருக்கு இரண்டாண்டு சொந்த நாட்டில் இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இப்படித் திரும்புவது உறுதியானவர்களிடமே, நாடு திரும்பும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான அரசின் மறுவாழ்வுத் திட்டம் என்று வரும்போது, ‘நீங்கள் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்குப் போனவர்கள்தானே?’ என்று கேட்பது நியாயமில்லை. விசாவுக்குப் பெயர் வைத்தது வாஷிங்டன்; உரிமையை அளக்க வேண்டியது மணிலாவின் சட்டம். 2010-இல் திருத்தப்பட்ட புலம்பெயர் தொழிலாளர் சட்டம், தனக்குக் குடியுரிமை இல்லாத நாட்டில் ஊதியத்துக்கு வேலை செய்பவரை வெளிநாட்டுத் தொழிலாளி என்கிறது. கடன் வாங்கி ஏஜென்சிக்குக் கட்டி, வகுப்பெடுத்து, சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பியவர் வேறு யாராம்? வெளிநாட்டில் வீட்டுவேலை பார்த்த ஆசிரியப் பட்டதாரிகளை அரசுப் பள்ளிகளுக்கு அழைத்துவரத் தனித் திட்டமே போட்ட நாடு அது. அங்கேயும் கரும்பலகை முன்னால் நின்றவரை வெளியே நிறுத்தினால், நட்டம் பள்ளிகளுக்குத்தான். விண்ணப்பப் படிவம் விசா வகையை விட்டுவிட்டு, வேலை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் கேட்கட்டும்.