தோட்டாவுக்கு ஒரு டிக்கெட்

ஊறுகாய் பாட்டிலை விடுவானா, தேங்காய் எண்ணெய்க்குத் தடையா என்று ஏர்போர்ட் போகும் வழியெல்லாம் கவலைப்படுகிற ஜாதி நாம். அமெரிக்காவில் மான் வேட்டை சீஸனில் கிளம்புகிற ஆசாமிகள் ஐந்து கிலோ தோட்டாவைப் பெட்டியில் வைத்து, கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் ‘இதில் தோட்டா இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, காப்பி சாப்பிடப் போய்விடுகிறார்கள். அந்தப் பெண்ணும் அலறுவதில்லை.

ஐந்து கிலோ என்றால் லேசில்லை. பன்னிரண்டு கேஜ் ஷாட்கன் தோட்டா என்றால் சுமார் நூறு. வாத்துகள் பாவம்.

பெரும்பாலான ஏர்லைன்ஸில் ஓர் ஆளுக்கு இதுதான் உச்சவரம்பு. புருஷன் பெண்டாட்டியாகவே இருந்தாலும் இரண்டு பேர் பங்கையும் சேர்த்து ஒரே டப்பாவில் பத்து கிலோ கட்ட முடியாது. தோட்டாக்கள் அதற்கென்றே செய்த அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில் இருக்க வேண்டும். கோட்டுப் பாக்கெட்டில் கலகலவென்று போட்டுக்கொண்டு வரக்கூடாது. துப்பாக்கி காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள், சாவி பயணியிடம். எல்லாமே செக்-இன் லக்கேஜில்தான். கையில் கொண்டுபோகிற பையில் ஒரே ஒரு தோட்டாகூட ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை. முழுத் தோட்டா போகலாம், அதற்குள் இருக்கிற வெடிமருந்தைத் தனியாக ஒரு சிட்டிகைகூட விமானத்தில் ஏற்ற முடியாது. ‘என்ன ஸார் லாஜிக்?’ என்றால், இருக்கிறது. குண்டு சீறிப் பாய்வதற்குத் துப்பாக்கிக் குழாயின் இறுக்கம் வேண்டும். வெளியே கிடக்கும் தோட்டா தீயில் மாட்டினால் பித்தளைக் கூடு ‘பட்’டென்று கிழிந்து, அநேகமாகப் பெட்டியோடு அடங்கிவிடும். சினிமாவில் காட்டுகிற மாதிரி பத்து திசையிலும் பறந்து வில்லனின் அடியாட்களைச் சாய்க்காது. ஐ.நா. பட்டியலில் இதற்கு 1.4 எஸ் என்று பெயர். வெடித்தாலும் விளைவு பொட்டலத்தைத் தாண்டாது என்று அர்த்தம். தனி மருந்துக்கு இந்தச் சமர்த்து கிடையாது.

ஆக, சொல்லிவிட்டு ஏற்றினால் ஐந்து கிலோ. சொல்லாமல் மறந்தால்?

2024 ஏப்ரலில் ஓர் அமெரிக்கர் மனைவியோடு டர்க்ஸ் அண்ட் கெய்க்கோஸ் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போனார். கரீபியன் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட இடம். திரும்பும்போது ஸ்கேனரில் பையின் அடியில் நாலு தோட்டா. எப்போதோ வேட்டைக்குப் போனதில் மிச்சம் என்றார். போகும்போது அமெரிக்க ஏர்போர்ட்டிலும் அதே பை ஸ்கேனருக்குள் போய்த்தான் வந்தது. கோட்டை விட்டுவிட்டோம் என்று பாதுகாப்பு இலாகா பிற்பாடு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு என்ன பிரயோஜனம்? தீவுச் சட்டப்படி குறைந்தபட்ச தண்டனை 12 வருஷம். நாலு தோட்டாவுக்கு!

அவர் தனி ஆள் இல்லை. அந்தச் சில மாதங்களில் ஐந்து அமெரிக்கர்கள் இப்படியே மாட்டினார்கள். பீச்சில் ஒரு வாரம் என்று போனவர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் கோர்ட் வாசலில் நின்றார்கள். அமெரிக்காவிலிருந்து அரசியல் பிரமுகர்கள் பறந்து வந்து மன்றாடினார்கள். ஜூன் மாதம் சட்டத்தைத் திருத்தி நீதிபதிகளுக்குக் கொஞ்சம் நெகிழ்வு கொடுத்த பிறகுதான் நம்மாள் நிறுத்திவைத்த தண்டனை, அபராதத்தோடு வீடு திரும்பினார்.

தீவுக்காரர்களைத் திட்டிவிடாதீர்கள். அங்கே துப்பாக்கி செய்கிறவர் யாரும் இல்லை. தெருவில் பையன்கள் சுட்டுக்கொண்டு சாவது வெளியிலிருந்து, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, கடத்தி வருகிற சரக்கால். எந்தத் தோட்டா மானுக்கு, எது மனிதனுக்கு என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கிறதா?

நம் நாட்டில் 1972-க்கு அப்புறம் வேட்டை என்பதே அநேகமாகக் கிடையாது. ஆனால் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிற வீடுகள் உண்டு, அந்த வீட்டுப் பைகளும் ஊர் சுற்றுகின்றன. டெல்லி ஏர்போர்ட்டில் ஒற்றைத் தோட்டாவோடு மாட்டி, 1959 ஆயுதச் சட்டத்தின் 25-வது பிரிவில் கேஸ் வாங்கியவர்கள் நிறைய. ‘அது மாமா பை ஸார்’ என்பதுதான் வழக்கமான வசனம். பல சமயம் நிஜமும்கூட. தெரிந்தே வைத்திருந்தால்தான் ‘வைத்திருப்பது’ என்று சுப்ரீம் கோர்ட் 1994-ல் சஞ்சய் தத் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி டெல்லி ஹைகோர்ட் பல கேஸ்களை ரத்து செய்திருக்கிறது. அதற்குள் ஃப்ளைட் போயிருக்கும், இன்டர்வியூ போயிருக்கும், வக்கீலுக்குப் பணம் போயிருக்கும்.

எனவே மச்சானிடம் பை இரவல் வாங்கினால் தலைகீழாகக் கவிழ்த்து நாலு உதறு உதறுங்கள். சைடு ஜிப்பையும் விடாதீர்கள். மச்சானின் வேறு ஏதாவது பழைய சமாசாரம் வெளியே வந்து விழுந்தால் நான் பொறுப்பில்லை.