பாசியும் பலாத்காரமும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், மூடுபனியும் பருவமழையும் முறைவைத்து ஆட்சி செய்யும் நுவரெலியாவில், வீட்டின் புறச்சுவரில் பாசி படர்வது இயற்கையின் நியதியேயன்றி இல்லத்தாரின் அசிரத்தையன்று. அதனைப் போக்கவென்று அழுத்தநீர் இயந்திரத்தை ஏவுவோர், 1894இல் எழுந்த அவ்வூர்ச் செங்கல் தபாற் கந்தோரின் காலத்துப் புராதனச் சுவர்களில், பாசியோடு சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லின் சுட்ட மேற்றோலும் சேர்ந்தே உதிருமென்பதையும், அதனால் திறக்கும் புரைகளில் புகும் ஈரமே மறுபடியும் பாசிக்கு விளைநிலமாகுமென்பதையும் சிந்திப்பதில்லை. ஹற்றன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களிலோ, தீபாவளி நெருங்குகையில், தேங்காய்த் தும்பால் பதமாகத் தேய்த்து, நனைந்த சுவரில் நீர்த்த சுண்ணாம்பைப் பூசுகின்றனர். அதன் காரம் பாசியை அடக்குகிறது, சுவரும் மூச்சு விடுகிறது. பழஞ்சுவருக்கு வேண்டியது பொறுமையே, பலாத்காரமன்று.