ஆசனத்தின் அடியில் அங்கி!

விடுமுறை வந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியிலும், பெந்தோட்டை ஆற்றிலும், மாதுகங்கையிலும் உல்லாசப் படகுகளுக்கு ஓய்வில்லை. உழைத்துக் களைத்த மக்கள் பெண்டு பிள்ளைகளோடு ஒரு மாலைப் பொழுதை நீரின்மேல் கழிக்க விரும்புவதை நாம் குறை கூறவில்லை. ஏறியவர் அனைவரும் மீண்டும் கரையில் இறங்குவார்கள் என்பதற்கு உத்தரவாதம் யாது என்பதே நமது கேள்வி.

அயலிலுள்ள கேரளத்திலே நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 2009 செப்ரெம்பர் 30இல் தேக்கடி ஏரியிலே, அரச நிறுவனமொன்றின் இரட்டைத்தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். புயலில்லை, பாறையில் மோதவுமில்லை. கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பிரயாணிகள் ஒரே பக்கத்திற்குத் திரண்டனர், படகு சாய்ந்தது. 2023 மே 7இல் தானூரில் மற்றொரு இரட்டைத்தட்டுப் படகு, அளவுக்கு மிஞ்சிய மக்களுடன் இருள்சூழும் வேளையில் புறப்பட்டுக் கவிழ்ந்தது. இறந்தோர் 22 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

பாரம் உயர உயரப் படகின் உறுதி குன்றும் என்பது நம் கரையோரச் சிறுவனும் அறிந்த உண்மை. கீழ்த்தட்டில் பத்துப்பேர் நகர்ந்தால் ஆடும் படகு, மேல்தட்டில் அதே பத்துப்பேர் நகர்ந்தால் கவிழவும் கூடும். கவிழ்வதற்குச் சில விநாடிகளே போதும். அவ்வேளையில் ஆசனத்தின் அடியில் கட்டிவைத்த உயிர்காப்பு அங்கியைத் தேடியெடுத்து, முடிச்சவிழ்த்து, குழந்தைக்கு அணிவித்துத் தானும் அணிய எவரால் இயலும்? அணியாத அங்கி படகுக்குப் பாரமேயன்றி வேறில்லை. பெரியவர்க்குத் தைத்த அங்கியும் குழந்தைக்கு உதவாது. நீரில் விழுந்ததும் தலைவழியே கழன்றுவிடும்.

"எமக்கு நீந்தத் தெரியும்" என்பார் நம்மவருட் பலர். கடற்கரையிற் பிறந்த பெருமை இருக்கட்டும். மரச்சட்டம் மண்டையில் தாக்கியபின், மூழ்குவோர் இருவர் கழுத்தைக் கட்டிக்கொண்டபின், நீச்சல் என்ன செய்யும்?

இந்நாட்டின் கதையும் வேறன்று. 2017 பெப்ரவரி 19இல், பேருவளைத் தேவாலயத் திருவிழாவுக்குச் சென்றோரை ஏற்றிய மீன்பிடிப் படகு கட்டுக்குருந்தைக் கடலிற் கவிழ்ந்தது. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில், மிதவைப் பாதையில் ஏறிய பள்ளிச் சிறார்கள் கல்விக்கூடம் சேரவில்லை. அவர்கள் உல்லாசத்துக்காக ஏறியவர்களல்லர். ஆயினும் அவர்களைக் கொன்ற அலட்சியம் ஒன்றே.

விபத்து நிகழ்ந்தபின் படகோட்டியைக் கைதுசெய்வது எளிது. அனுமதிப்பத்திரத்தில் ஒப்பமிட்டவரும், பத்திரமே இல்லாத படகு தினந்தோறும் தம் கண்முன் ஓடுவதைக் கண்டும் காணாதிருந்தவரும் எந்தக் கூண்டில் ஏறினர்?

நாம் கேட்பது பெரும் பணச் செலவன்று. எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஒவ்வொரு படகின் பக்கத்திலும் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் பெரிதாய் எழுதுக. அங்கி அணியாத ஒருவர் இருக்கும்வரை கயிற்றை அவிழ்க்காதிருக்க விதி செய்க. பொழுது சாய்ந்தபின் உல்லாசச் சவாரி வேண்டாம். சோளகம் வலுக்கும் நாட்களில் இறங்குதுறையை மூடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதையும், அவருடைய பதவிப் பெயரோடு, அடுத்த விடுமுறைக்கு முன்னர் அரசாங்கம் பகிரங்கமாய் அறிவிக்கட்டும்.