மின்சார ரயிலும் மூடாத கதவும்

தாம்பரத்தில் வாழ்வோர்க்குக் கடிகாரங்கள் இரண்டு. ஒன்று நமது கல்லூரியின் மணி. மற்றொன்று கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில். முன்னதற்குப் பிந்தினால் ஆசிரியர் ஒருவாறு பொறுத்துக்கொள்வர். பின்னதற்குப் பிந்தினாலோ அந்நாளின் காரியங்கள் யாவும் நிலைகுலையும். காலை வேளையில் நிலையத்து மேடையில் சிறிது நேரம் நின்று நோக்கின், அலுவலகம் செல்வோரும், கூடை சுமந்த பெண்டிரும், பள்ளிச் சிறாரும், நோயுற்ற உறவினரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோரும் ஒரே வாயிலை நாடி விரைவது புலப்படும். இவர்கள் ஏறும் வண்டியும் இறங்கும் நிலையங்களும் இக்காலத்தில் புதுப்பிக்கப்பட்டு வருவதைக் கண்டு மகிழாதார் இலர். எனினும் அத்திருத்தம் எங்கே தொடங்குதல் வேண்டும், யாரை முதலாகக் கருதுதல் வேண்டும் என்பதைப் பற்றி நாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு.

பழைய வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியார் 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே, ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தூரம், மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயிலை ஓட்டத் தொடங்கினர். இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது அதுவே முதன்முறை. இருப்புப்பாதையை நமக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயரின் சொந்த நாட்டிலே, லண்டனிலிருந்து பிரைட்டன் என்னும் கடற்கரைப் பட்டணத்திற்கு மின்சார ரயில் செல்லத் தொடங்கியது 1933-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான். ஆகவே பிரைட்டன் நகரத்தார்க்குக் கிட்டாத வசதி அவர்கட்கு முன்னரே தாம்பரத்தார்க்குக் கிட்டியிருந்தது என்று நாம் சற்றே பெருமை கொள்ளலாம்.

அந்த ரயில் வெறும் வண்டியாக நிற்கவில்லை, ஊர்களை உண்டாக்கிற்று. தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் பெயரைத் தாங்கிய குரோம்பேட்டையும், காசநோயாளர்க்கென 1928-இல் எழுந்த ஆரோக்கிய நிலையத்தின் பெயரைத் தாங்கிய தாம்பரம் சானடோரியமும் இன்று சென்னையின் உறுப்புகளாய் விளங்குவதற்கு அந்த இருப்புப்பாதையே பெருங்காரணம். ஜார்ஜ் டவுன் நெரிசலில் ஒரு நூற்றாண்டை நிறைவு செய்த நம் கல்லூரி, 1937-ஆம் ஆண்டில் சேலையூர்க் காட்டிற்குக் குடிபெயர்ந்தபோது, நகரத்தோடு அதற்கிருந்த தொடர்பு அற்றுப்போகாமல் காத்ததும் இந்த ரயிலே எனின் மிகையாகாது.

அன்று முதல் இன்று வரை அந்தப் பாதை மாறாது கிடக்கவுமில்லை. 1,500 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தால் ஓடிய வண்டிகள் 1967-இல் 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்திற்கு மாறின. 2004-இல் கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் விடைபெற, அகலப் பாதை முழுவதும் இடம்பெற்றது. 1908-இல் திறக்கப்பெற்ற எழும்பூர் நிலையத்தை 734 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் விரிவாக்கும் பணிக்கு 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பெற்றது. பரங்கிமலை நிலையம் புதுப்பிக்கப்பெற்று 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதமாகிய ஏப்ரல் 19-ஆம் நாள், கடற்கரைக்கும் செங்கற்பட்டிற்கும் இடையே தாம்பரம் வழியாகக் குளிரூட்டப்பட்ட மின்சார ரயில் முதன்முதலாக ஓடிற்று. நமது பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்பெற்ற பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட வண்டி அது.

புதியன யாவற்றையும் பழிப்பதே அறிவுடைமை என்று எண்ணுவார் சிலர் உளர். நாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். அழகிய நிலையம் வேண்டும். குளிர்ந்த வண்டியும் வேண்டும். சித்திரை வெயிலில் மாம்பலத்திலிருந்து நின்றுகொண்டே வந்த எவரும் குளிரூட்டிய பெட்டியை வீண் ஆடம்பரம் என்று சொல்லத் துணியார். ஆயினும் வீட்டைப் புதுப்பிக்கப் புகுந்தவன் ஒழுகும் கூரையை விட்டுவிட்டு முன்வாசலுக்கு வர்ணம் பூசுவானாயின், அண்டை அயலார் அவனைப் பற்றி என்ன நினைப்பர்? நமது மின்சார ரயிலின் ஒழுகும் கூரை எது? அதன் மூடாத கதவே.

சாதாரண மின்சார ரயிலின் வாயில்கள் ஓடும்போதும் திறந்தே கிடக்கின்றன. காற்று வேண்டிச் சிலர் அங்கே நிற்கின்றனர். அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டிச் சிலர் நிற்கின்றனர். உள்ளே கால் வைக்க இடமின்மையால் நிற்போரே மிகப் பலர். 2018-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் காலையில் நிகழ்ந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திரார். மின்கம்பி அறுந்தமையால் வழக்கமான பாதையை விட்டு வேறு பாதையில் விடப்பட்ட ஒரு வண்டி பரங்கிமலை நிலையத்தைக் கடக்கையில், படியில் தொங்கி நின்றோர் பாதையோரத்துக் கான்கிரீட் சுவரில் மோதுண்டு வீழ்ந்தனர். ஐவர் உயிர் நீத்தனர். அவர்கள் வேலைக்கும் படிப்பிற்குமாக வீட்டை விட்டுப் புறப்பட்ட எளிய மக்கள். அந்த வண்டிக்கு மூடும் கதவுகள் இருந்திருப்பின் அச்சுவர் அவர்களை என்ன செய்திருக்கக்கூடும்?

ஏழாண்டுகள் கழிந்து வந்த குளிரூட்டிய ரயிலில் அத்தகைய கதவுகள் உள்ளன. அவை தாமே மூடிக்கொள்கின்றன. மூடிய பின்னரே வண்டி நகர்கின்றது. ஆனால் அது தொடங்கப்பெற்றபோது அதன் மிகக் குறைந்த கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியின் மிகக் குறைந்த கட்டணமோ 5 ரூபாய். ஏழு மடங்கு வேறுபாடு! குளிர்ந்த காற்றிற்கு விலை வைப்பதில் நமக்கு மறுப்பில்லை. குளிர் ஒரு சுகம். சுகத்தை விரும்புவோர் அதற்குரிய பொருளைக் கொடுத்துப் பெறட்டும். ஆனால் அக்குளிரோடு சேர்த்து மற்றொரு பொருளும் விற்கப்படுகின்றது. அதுவே உயிர்க்காப்பு. முப்பத்தைந்து ரூபாய் கொடுப்பவர்க்கு மூடிய கதவு, ஐந்து ரூபாய் கொடுப்பவர்க்குத் திறந்த கதவு என்னும் ஏற்பாடு, எவரும் தீய நோக்கத்தோடு செய்ததன்று என்பதை நாம் அறிவோம். எனினும் அதன் பயன் அதுவாகவே இருக்கின்றது. சுகத்தில் வகுப்புகள் இருக்கலாம். உயிர்க்காப்பில் வகுப்புகள் இருத்தல் ஆகாது. இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் கொள்கை.

இதற்குத் தடைகள் சொல்லப்படும். முதலாவது, குளிரூட்டாத பெட்டியின் கதவை மூடினால் உள்ளிருப்போர் புழுங்கி வாடுவர் என்பது. இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. ஆயினும் இதற்கு விடை காணும் முயற்சி தொடங்கிவிட்டது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் மும்பையை அடுத்த மும்ப்ராவில் வாயிலில் தொங்கியோர் சிலர் விழுந்து மாண்ட பின்னர், குளிரூட்டாத புறநகர் வண்டிகட்கும் தானே மூடும் கதவுகள் அமைக்கப்படும் என்று ரயில்வே அமைச்சகத்தார் அறிவித்தனர். கதவுகளில் காற்றுப் புகும் சட்டங்கள், கூரையில் காற்றை உட்செலுத்தும் கருவிகள், கூட்டம் பரவிச் செல்லும்படி பெட்டிக்குப் பெட்டி வழி ஆகிய மூன்றும் அந்த அமைப்பில் உண்டு என்றனர். அறிவிப்பு மும்பைக்கு. ஆனால் 1955 முதல் நாட்டிற்கெல்லாம் ரயில் பெட்டிகள் செய்து தரும் தொழிற்சாலை நம் சென்னையிலே உள்ளது. மும்பைக்குத் தகுவது தாம்பரத்திற்குத் தகாதோ?

இரண்டாவது தடை, நம் மக்கள் கதவை மூட விடார், வாயிலில் நிற்பது அவர்தம் வழக்கம் என்பது. 2015 முதல் இந்நகரில் மெட்ரோ ரயில் ஓடுகின்றது. அதில் எவரும் தொங்குவதில்லை. சைதாப்பேட்டையில் மின்சார ரயிலின் படியில் நிற்கும் அதே இளைஞர், மெட்ரோவில் ஏறியவுடன் மூடிய கதவின் பின்னே அமைதியாய் நிற்கின்றார். ஆதலின் குற்றம் மக்களின் இயல்பில் இல்லை. பெட்டியின் அமைப்பில் உள்ளது.

மூன்றாவது தடை கூட்டத்தைப் பற்றியது. இதுவே வலிமை மிக்கது. கதவை மட்டும் மூடி வண்டிகளை மிகுதிப்படுத்தாவிடின், இன்று படியில் நிற்போர் நாளை மேடையிலேயே நின்றுவிடுவர். வேலைக்குச் சென்று சேரார். ஆகவே கதவும் வண்டியும் ஒருங்கே வருதல் வேண்டும். கூலிக்காரன் ஒருவனை உயிர் பிழைக்கச் செய்து அவன் நாட்கூலியை இழக்கச் செய்வது முழுமையான திருத்தமாகாது.

கதவைப் போன்றே நோக்கத்தக்கது மேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள உயரமும் இடைவெளியும். முதியோரும் கருவுற்ற பெண்டிரும் ஊன்றுகோல் கொண்டு நடப்போரும் அவ்விடத்தில் படும் துன்பம் சொல்லுந்தரமன்று. சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கோ அந்த வண்டி இல்லாததற்கே சமானம். பிரிட்டனில் பயணிகள் வண்டிகளை உடற்குறை உடையோர்க்கும் ஏற்றவாறு திருத்துவதற்கு 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கெடுவாக விதிக்கப்பட்டது. அதன்பொருட்டுப் புதிய வண்டிகளை வாங்கியதோடு நில்லாமல், பழைய பெட்டிகள் பலவற்றின் கதவுகளையும் கழிப்பறைகளையும் அறிவிப்புக் கருவிகளையும் மாற்றியமைத்தனர். சில வண்டிகட்கு விலக்களிக்கப்பட்டதும் உண்டு. எனினும் ஒரு நாள் குறிக்கப்பட்டது என்பதே நாம் கருதத்தக்கது. நாள் குறியாத நல்லெண்ணம் காயாத நெல் போன்றது. குத்தினால் அரிசி தேறாது. இன்ன ஆண்டிற்குள் தென்சென்னைப் பாதையில் ஓடும் எல்லா வண்டிகட்கும் மூடும் கதவுகள் அமையும் என்று ஒரு நாளைக் குறிப்பிடுமாறு ரயில்வே அதிகாரிகளை வேண்டிக்கொள்கின்றோம்.

இனி, நம்மை நாமே நோக்கிச் சொல்ல வேண்டுவதும் ஒன்று உண்டு. உள்ளே இடமிருந்தும் வாயிலில் தொங்கும் மாணவர் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியுமா? ஒரு கையால் கம்பியைப் பற்றி, ஒரு காலை வெளியே நீட்டிப் பல்லாவரம் முதல் தாம்பரம் வரை வருவதை வீரமென நாமும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தோம். அன்று நம் வீரத்தைக் கண்டு வியந்தவர் எவருமிலர். பெட்டியினுள்ளிருந்து அஞ்சிய தாய்மார் சிலர் மட்டுமே இருந்தனர். மேம்பாலத்தில் ஏறச் சோம்பித் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதும் இத்தகைய வீரமே. பிறர் கடமையை எடுத்துரைக்கும் நாம் நமது கடமையில் வழுவினால், நம் சொல்லுக்கு மதிப்பு இராது.

தாம்பரம் நிலையத்தில் மாலை வண்டி வந்து நிற்கும்போது, வீடுகளில் விளக்கேற்றி வாயிலை நோக்கியிருப்போர் பலர். அவர்கட்கு வண்டி குளிர்ந்திருந்ததா, நிலையத்தின் முகப்பு பளபளத்ததா என்பது பெரிதன்று. காலையில் சென்றவர் மாலையில் திரும்பி வருவதே பெரிது. ஐந்து ரூபாய்ச் சீட்டு வாங்கியவரும் அவ்வாறே திரும்பி வருவர் என்னும் உறுதியை அளிக்கும் நாளிலேதான், நமது ரயில் உண்மையாகவே புதுப்பிக்கப்பட்டது என்று நாம் ஒப்புக்கொள்வோம்.