கைரேகையும் காந்தமும்

சென்ற மாதம் எங்கள் லோஹேகாவ் குடியிருப்புக்கு வந்த சிலர், ஒன்பதாவது படிக்கும் என் பேரனின் பத்து விரல் ரேகைகளையும் பதிந்துகொண்டு 'மூளைத் திறன் அறிக்கை' ஒன்றைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பல ஆயிரம் ரூபாய் கட்டினார். 'கணிதத்தில் திறன் குறைவு' என்று அச்சிட்டிருந்தது. அன்று முதல் பையன் கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை. "மூளையிலேயே இல்லையாம் தாத்தா" என்கிறான்.

விரல் ரேகையில் மூளையை அளக்க விஞ்ஞான ஆதாரம் எதுவும் கிடையாது. இதை அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ரயில்வேயில் தண்டவாளத்தின் உள்விரிசலை அல்ட்ராசானிக் கருவியால் பார்ப்போம். முதலில், குறை இன்னதென்று தெரிந்த மாதிரித் துண்டில் வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். மாதிரி தவறினால் அளவும் தவறும். மூளைக்கும் அப்படியே. வெகுகாலம் மேல்நாட்டார் மூளைப் படங்களே நமக்கும் மாதிரி. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2020-இல்தான், 6 முதல் 60 வயது வரையிலான இந்தியர்களுக்கென ஐந்து மாதிரிகளை வெளியிட்டார்கள்.

நிம்ஹான்ஸும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பிற நிறுவனங்களும் கைகோத்த 'சி-வேதா' ஆய்வில் மைசூர், சண்டிகர், கல்கத்தா, இம்பால், ரிஷிவேலி என்று பல இடங்களிலிருந்து 6 முதல் 23 வயது வரையுள்ள ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு எம்.ஆர்.ஐ. படமும் எடுத்தார்கள். அது காந்தத்தால் எடுப்பது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. அமெரிக்காவிலும் 9, 10 வயதுப் பிள்ளைகள் 11,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கிறார்கள்.

இத்தகைய ஆய்வுகள் தனியொரு பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்வதில்லை. திட்டமிடவும் நிதானிக்கவும் உதவும் முன்மூளை இருபது வயதுக்குப் பின்னும் வளர்கிறது என்பதே பல ஆய்வுகள் காட்டும் உண்மை. பதினான்கு வயதில் 'வராது' என்று முத்திரை குத்த நாம் யார்?

உண்மையான ஆய்வுக்கு அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து. விவரம் ரகசியமாக இருக்குமா, நடுவில் விலகலாமா என்று கேளுங்கள். பிள்ளையின் சம்மதத்தையும் கேளுங்கள். நாம் மாற்றலாகி ஊர் ஊராகப் போகிறவர்கள். தொடர் ஆய்வில் முதலில் விட்டுப்போவது நம் பிள்ளைகள்தான். ஆகவே புது விலாசத்தையும் மறக்காமல் கொடுங்கள்.

அந்த அறிக்கையை நான் பரண்மேல் போட்டுவிட்டேன். தினமும் மாலையில் பேரனோடு கணக்குப் போடுகிறேன். நேற்று ஒன்றை அவனே போட்டான்.